காணாமற்போன தொள்ளாயிரம் தட்டுகள்

முள்முனை: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழின் கடைசியில், இடம் மிஞ்சியது என்பதற்காக ஐந்து வரி எழுதினேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்றொரு சிற்றூர். அங்கே மூன்று சகோதரிகள் 'தி ஷேக்ஸ்' என்ற பெயரில் பாடி, 1969இல் பதிவு செய்த எல்.பி. (நெடுநேரம் ஓடும் பெரிய இசைத்தட்டு) 'ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்டு'. அச்சான ஆயிரத்தில் நூறுதான் மிஞ்சியது. அதன் மறுவெளியீட்டை பாஸ்டனில் இருக்கும் என் மகள் வாங்கி வந்து கொடுத்தாள். கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவுதான் எழுதியது. அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. எம்.எஸ்.வி.யின் பழைய தட்டுகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதியபோது வந்தவை நான்கு. அதில் ஒன்று சந்தா பற்றியது.

*தூக்கம் வராததற்குக் காரணம் ரசனையா, தலைவலியா?*
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

முதலில் தலைவலிதான் ஐயா. தட்டை வைத்து முள்ளை இறக்கினேன். அரை நிமிடத்தில் எழுந்து பிளேயரின் மேல்தட்டைக் கழற்றி, தட்டைச் சுற்றவைக்கும் பெல்ட் தளர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். முப்பத்தொரு வருடம் மைக் செட் தொழில் செய்தவன் நான். திண்டுக்கல் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்றில் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் சுற்ற வேண்டிய தட்டை 33இல் ஓடவிட்டு, பெண்ணின் தாய்மாமன் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து சண்டை பிடித்ததெல்லாம் உண்டு. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் பெல்ட் சரியாகத்தான் இருந்தது. வேகமும் சரி.

கிதார் பாட்டின் மெட்டையே பிடித்துக்கொண்டு குரலோடு கூடவே நடக்கிறது, வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் வார்த்தையை வாங்கிச் சொல்வதுபோல. அதன் சுருதி சுமார். டிரம்ஸோ வேறு வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாயனக்காரர் மேலரத வீதியிலும் தவில்காரர் கீழரத வீதியிலும் வாசித்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

இரண்டாவது முறை சிரித்தேன். மூன்றாவது முறை சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் மூவரும் ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள், ஒரே இடத்தில் எடுக்கிறார்கள். தாளம் தெரியாதவர்கள் அப்படிச் சேர முடியாது. அவர்களுக்குள் ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறது, நமக்குத்தான் பிடிபடவில்லை. பதிவின்போது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். பாட்டு நடுவில் சகோதரிகள் நிறுத்தி, ஒருத்தி தப்பாக வாசித்துவிட்டாள், மறுபடி எடுக்கலாம் என்பார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு எது தப்பு, எது சரி என்றே விளங்கவில்லையாம். 2017இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த் ஆடம்ஸில் நடந்த 'சாலிட் சவுண்ட்' விழாவில் டாட், பெட்டி என்ற இரு சகோதரிகளும் மேடை ஏறினார்கள். பின்னால் வாசிக்கத் தேர்ந்த வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் அந்த 'தப்புகளை' ஒவ்வொன்றாகப் பாடம் செய்துகொண்டு வந்து வாசித்தார்கள். தூக்கம் வராதது இதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணமும் உண்டு, கீழே வருகிறது.

*அந்தப் பெண்களுக்கு இசைக்குழு ஆசை எப்படி வந்தது?*
– கல்லூரி மாணவர், கோவை

அவர்களுக்கு வரவில்லை தம்பி. அப்பாவுக்கு வந்தது. அப்பாவுக்கும் தானாக வரவில்லை. அவருடைய அம்மா கொடுத்துவிட்டுப் போனது.

அப்பாவின் பெயர் ஆஸ்டின் விகின். பக்கத்து ஊர் எக்ஸெட்டரில் பஞ்சாலைத் தொழிலாளி. சிறு வயதில் அவருடைய கையைப் பார்த்து அவருடைய தாய் மூன்று பலன் சொன்னாராம். செம்பொன் நிறக் கூந்தல்காரியை மணப்பாய். நான் இறந்த பிறகு உனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறப்பார்கள். உன் பெண்கள் பேர்பெற்ற இசைக்குழுவாக வருவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றில் இரண்டு பலித்த ஜோசியத்தை நம் ஊரில் யாராவது விட்டுவிடுவார்களா? நியூ ஹாம்ப்ஷயரிலும் விடவில்லை.

1960களின் நடுவில் அவர் பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். கிதார்களும் டிரம்ஸும் வாங்கினார். படிப்பு தபால் வழியாக. காலையில் பயிற்சி, பிறகு பாடம், மறுபடி பயிற்சி, மாலையில் உடற்பயிற்சி, படுக்கும் முன் இன்னொரு முறை பயிற்சி. வெளியார் பழக்கத்துக்குத் தடை. டாட் பாட்டு எழுதி, பாடி, முன்னணி கிதார் வாசித்தாள். பெட்டிக்கு இன்னொரு கிதார், கூடப் பாட்டு. ஹெலனுக்கு டிரம்ஸ். நாலாவது சகோதரி ரேச்சல் பின்னாளில் பேஸ் கிதாரோடு சேர்ந்துகொண்டாள். குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அப்பாதான்.

1968இல் எக்ஸெட்டரில் ஒரு திறமைப் போட்டி, முதல் மேடை. கூட்டம் ஏளனம் செய்தது. சோடா டப்பாக்கள் பறந்து வந்தன. வீட்டுக்குப் போய் இன்னும் பயிற்சி செய்யுங்கள் என்றார் அப்பா. அதன் பிறகு ஃப்ரீமான்ட் ஊர் மன்றத்தில் சனிக்கிழமை மாலைகளில் கச்சேரி. 1973 வரை நடந்தது.

1969 மார்ச்சில் பெண்களை ஏற்றிக்கொண்டு பாஸ்டனுக்குப் பக்கத்து ரெவியர் ஊரில் இருந்த ஃப்ளீட்வுட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். அங்கிருந்தவர்கள், இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு வரலாமே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்றாராம் இவர். பன்னிரண்டு பாட்டுகள் பதிவாயின. அவற்றில் ஒன்று, பெற்றோர் என்றால் யார் என்று கேட்டு, நம்மேல் உண்மையில் அக்கறை உள்ளவர்கள் அவர்கள்தான் என்று பதில் சொல்வது. எழுதியவள் டாட். அதைக் கேலியாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் பத்து முறையாவது கேட்டிருப்பேன். குரலில் கேலி இல்லை.

*காணாமற்போன 900 தட்டுகள் எங்கே?*
– 'துப்பறியும் ஆசை உள்ளவர்', விழுப்புரம்

அச்சடித்துத் தருவதாகப் பணம் வாங்கியவரோடு போயின. அவரும் திரும்பவில்லை, தட்டும் திரும்பவில்லை. நீங்கள் ஆசைப்பட்டாலும் இனி துப்புத் துலக்க வழியில்லை; ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 'அரிய தட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் வைரம்போலப் பார்க்கிறார்கள். தட்டு அரியதாவது இரண்டே வழியில்: யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும், அல்லது யாரும் வாங்காமல் இருந்திருக்க வேண்டும். இந்தத் தட்டுக்கு இரண்டும் நடந்தன. இன்று அதை விலை கொடுத்து வாங்குகிறவர், அன்று யாருமே வாங்காததற்குத்தான் விலை கொடுக்கிறார்.

*மறுவெளியீடு என்றால் பழைய தட்டை நகல் எடுப்பதுதானா? இந்தத் தட்டை யார் தேடி எடுத்தார்கள்?*
– மின் பணியாளர், நாகர்கோவில்

நல்ல கேள்வி. தொழில் தெரிந்தவர் கேட்கிறார்.

ஒழுங்கான மறுவெளியீடு மூல ஒலிநாடாவிலிருந்து தொடங்கும். நாடாவை ஓடவிட்டு, லாக்கர் என்னும் மெருகு பூசிய அலுமினியத் தட்டில் ஊசியால் பள்ளம் வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்துப் பிரித்தால் ஓர் உலோகத் தட்டு கிடைக்கும். பள்ளம் இருந்த இடத்தில் மேடு. அதிலிருந்து பள்ளமுள்ள இன்னொன்று. அதிலிருந்து மறுபடி மேடுள்ள அச்சுத்தட்டு. அதை அழுத்தும் இயந்திரத்தில் மாட்டி, சூடான வினைலை நடுவில் வைத்து அழுத்தினால் நம் கைக்கு வருவது. இந்த உலோகத் தட்டுகளுக்குத் தொழிலில் என்ன பெயர் தெரியுமா? முதலாவது அப்பா, இரண்டாவது அம்மா. அம்மாவை விட்டுவிட்டு அப்பாவை வைத்தே நேராக அச்சடிக்கலாம். ஆனால் எண்ணிக்கை அதிகமானால் அப்பா தேய்ந்துவிடுவார், திரும்பச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. ஷேக்ஸ் கதையைப் பேசும்போது இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

நாடா இல்லாவிட்டால்? நல்ல நிலையில் உள்ள பழைய தட்டைத் தேடிப் பிடித்து, கழுவி, முள் வைத்து ஓட்டி, அந்த ஒலியைக் கணினியில் ஏற்றி, கீறல் சத்தத்தை ஒவ்வொன்றாகக் களைவார்கள். களைகிற கை அவசரப்பட்டால் கீறலோடு பாட்டின் மூச்சும் போய்விடும். உரிமை வாங்காமல் இப்படிப் படி எடுத்து விற்பதற்குப் பெயர் மறுவெளியீடு அன்று. திருட்டு.

தேடி எடுத்த கதை இது. மிஞ்சிய நூறில் சில தட்டுகள் வானொலிக்காரர்கள் கைக்கும் பாட்டுக்காரர்கள் கைக்கும் போயின. பாஸ்டனின் டபிள்யூ.பி.சி.என். வானொலி சில பாட்டுகளை ஒலிபரப்பியது. என்.ஆர்.பி.க்யூ. என்ற ராக் குழுவின் டெர்ரி ஆடம்ஸும் டாம் அர்டொலினோவும் தட்டின்மேல் பைத்தியமானார்கள். ரவுண்டர் நிறுவனத்தை இணங்கவைத்து 1980இல் மறுவெளியீடு கொண்டுவந்தார்கள். அப்போது ஆஸ்டின் இல்லை. 1975இல் மாரடைப்பில் இறந்துவிட்டார். அப்பா போனதும் பெண்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள்கூடத் தள்ளிப்போடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டியின் மூன்றாவது பலன் பலித்ததைப் பார்க்க, அதற்காகவே வாழ்ந்தவர் இருக்கவில்லை.

பிறகு 1999இல் ஆர்.சி.ஏ. விக்டர் வழியாகக் குறுந்தகடு. 2016இல் 'லைட் இன் தி ஆட்டிக்' நிறுவனம் வெளியிட்டது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஐம்பது தட்டுகளைப் பட்டியல் போட்டபோது இதை ஐந்தாவதாக எழுதினார். அதைப் பார்த்து வாங்கியவர்கள் எத்தனை பேர் முழுதாகக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

*இதையெல்லாம் காரேஜ் ராக் என்கிறார்களே, அது என்ன? ஷேக்ஸ் மட்டும்தானா?*
– வாசகி, கும்பகோணம்

காரேஜ் என்றால் கார் நிறுத்தும் கொட்டகை. 1960களில் பீட்டில்ஸைப் பார்த்து அமெரிக்கத் தெருவுக்குத் தெரு பையன்கள் கிதார் எடுத்தார்கள். வீட்டுக்குள் விடவில்லை; கொட்டகையில் கத்தினார்கள். கிதாரில் மூன்று கார்டு (சுரக்கூட்டு), நிறைய ஆத்திரம், கையில் இருந்த காசுக்கு ஒரு சின்னத் தட்டு. பெரும்பாலும் ஒன்றோடு சரி.

'மங்க்ஸ்' என்று ஒரு குழு. ஜெர்மனியில் பணியாற்றிய ஐந்து அமெரிக்கச் சிப்பாய்கள். தலையின் உச்சியை மழித்து, கறுப்பு அங்கி போட்டு, கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு, மின்சார பாஞ்சோவோடு 1966இல் ஒரு தட்டு விட்டார்கள். ஜெர்மனியில் வெளியான அந்தத் தட்டை அன்று அவர்கள் சொந்த நாட்டில் வெளியிடவே ஆளில்லை. மறுவெளியீடு வந்ததெல்லாம் பல வருடம் கழித்து. பெரு நாட்டு லிமா நகரத்தில் 'லாஸ் சைகோஸ்'. 1965இல் ரயில் நிலையத்தை இடிப்போம் என்று கத்திப் பாடினார்கள். ரயில் நிலையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. குழுதான் சீக்கிரம் கலைந்தது.

எனக்கு நெஞ்சில் நிற்பது டெட்ராய்ட்டின் 'டெத்' குழு. கொட்டகைக் காலத்துக்குக் கொஞ்சம் பிந்தியவர்கள். கறுப்பினச் சகோதரர்கள் மூவர்: டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி. 'மரணம்' என்ற பெயரை மாற்றினால் தட்டு போடலாம் என்று பெரிய நிறுவனம் ஒன்று சொன்னது. மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். 1976இல் தாங்களாகவே ஐந்நூறு சின்னத் தட்டுகள் அச்சடித்தார்கள். விலைபோகவில்லை. டேவிட் 2000இல் புற்றுநோயில் இறந்தார். இறப்பதற்கு முன் மூல நாடாக்களைத் தம்பி பாபியிடம் கொடுத்து, ஒருநாள் உலகம் இவற்றைத் தேடி வரும், பத்திரமாக வை என்றார். 2009இல் 'டிராக் சிட்டி' நிறுவனம் எல்.பி.யாக வெளியிட்டது. நாடா பத்திரமாக இருந்ததால் நாகர்கோவில்காரர் கேட்ட கழுவுகிற வேலையெல்லாம் தேவைப்படவில்லை.

நம் நாட்டிலும் உண்டு அம்மா. சிம்லா சிகரெட்டின் பெயரில் பம்பாயில் நடந்த 'சிம்லா பீட்' போட்டியில் பல நகரத்து இளைஞர்கள் வாசித்தார்கள். 1970, 1971 போட்டிகளின் பாட்டுகள் இரண்டு தட்டுகளாக வந்தன. பிற்பாடு அவற்றை மறுவெளியீடு செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

*என் மாமா வீட்டில் பீட்டில்ஸின் 78 வேகத் தட்டு இருக்கிறது. பீட்டில்ஸ் காலத்தில் 78 ஏது, போலி என்கிறான் நண்பன். தூக்கிப் போட்டுவிடலாமா?*
– வாசகர், தஞ்சாவூர்

நண்பனைத் தூக்கிப் போடுங்கள். கல்கத்தா பக்கத்து டம்டம் இசைத்தட்டு ஆலையில் பீட்டில்ஸை 78ஆக அச்சடித்தார்கள். மேல்நாடுகளில் 78 வழக்கொழிந்த பிறகும் நம் வீடுகளில் சாவி கொடுக்கும் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தனவே! வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்காக அலைகிறார்கள். அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் அப்பளம். பஞ்சில் தண்ணீர் தொட்டுத் துடைக்கலாம். ஸ்பிரிட் மட்டும் கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்.பி. முள்ளை அதில் வைக்காதீர்கள், பள்ளத்தின் அகலம் வேறு.

*என் கணவர் எங்கள் பத்து வயது மகனைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தயார் செய்கிறார். பள்ளிவிட்டு வந்தால் இரவு ஒன்பது வரை பயிற்சி. ஞாயிறுகளிலும் விளையாட விடுவதில்லை. உங்கள் ஐந்து வரியைப் படித்துக் காட்டினேன். 'அந்த அப்பா இல்லாவிட்டால் அந்தத் தட்டே இல்லையே' என்கிறார். என்ன சொல்வது?*
– ஒரு தாய், திருப்பூர்

அம்மா, இந்தக் கடிதத்துக்குத்தான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஆஸ்டின் இல்லாவிட்டால் தட்டு இல்லை. பஞ்சாலைச் சம்பளத்தில் மூன்று பெண்களுக்கு வாத்தியம் வாங்கி, ஒலிப்பதிவுக்கும் பணம் கட்டினார். அவர் கெட்டவரா என்று என்னைக் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அந்தப் பெண்கள் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னதையெல்லாம் படித்துப் பாருங்கள். அப்பா சொன்னார், நாங்கள் செய்தோம் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எங்களுக்கு ஆசையாக இருந்தது என்ற பேச்சைக் காணோம். 1999இல் நியூயார்க்கில் பழைய ரசிகர்களுக்காக ஒரு முறை மேடை ஏறினார்கள். உடல்நலம் இல்லாததால் ஹெலன் வரவில்லை. 2006இல் ஹெலன் இறந்துவிட்டார். டாட் மட்டும் 2013இல், அறுபது தாண்டிய பிறகு, வேறு வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தன் பெயரில் புதிதாக ஒரு தட்டு வெளியிட்டார். அப்போது வீட்டில் சொல்ல யாரும் இல்லை. அவராகச் செய்தார். இதையும் உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் பேசுகிற தகவல் இது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதில் யோக்கியமாக இருக்காது. மைக் செட்காரன் மகள் ஒருநாள் மைக்கின் முன்னால் நிற்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். எட்டு வயதில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்காரவைத்தேன். ஆறு வருடம். அவள் மறுத்துப் பேசியதே இல்லை. அதனால் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பதினான்காம் வயதில் ஆர்மோனியத்தைத் துணியால் போர்த்தி, பரணில் ஏற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. முப்பது வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தவள், பெட்டியிலிருந்து இந்தத் தட்டை எடுத்துக் கொடுத்து, "அப்பா, இதைக் கேளுங்கள், உறையின் பின்னால் இருப்பதையும் படியுங்கள்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் மகனிடம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்ய ஆசை என்று அப்பா இல்லாத நேரத்தில் கேளுங்கள். பாட்டு என்றே சொன்னாலும் சொல்வான்.

*அசல் தட்டு விற்பனைக்கு வந்தால் வாங்கலாமா, மறுவெளியீடு போதுமா?*
– வியாபாரி, ஈரோடு

போதும். அசலை விற்கிற கூட்டத்தில் அந்தச் சகோதரிகள் இல்லை. கைமாறும் பணத்தில் ஒரு காசு அவர்களுக்குப் போகாது. உரிமை வாங்கிப் போட்ட மறுவெளியீட்டில் போக வழி இருக்கிறது. வாங்கியே தீருவேன் என்றால், பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை விளக்கில் சாய்த்துப் படித்து, அசலின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறையை நம்பாதீர்கள். உறையை எவனும் அச்சடிப்பான்.

*எந்தப் பாட்டை முதலில் கேட்க வேண்டும்?*
– பள்ளி மாணவி, தேனி

'மை பால் ஃபுட் ஃபுட்'. ஃபுட் ஃபுட் என்பது டாட் வளர்த்த பூனை. வீடு தங்காமல் சுற்றப் போய்விடும். அதைத் தேடிப் போய், கதவைத் தட்டி, கூப்பிட்டு, பதில் வராமல் நிற்பதுதான் பாட்டு. தொடக்கத்தில் டிரம்ஸ் தனியாக வரும். பெல்ட்டைப் பார்க்க எழுந்திருக்காதே, உட்கார்ந்து கேள்.